பத்தாம் லயத்துப் பச்சை விளக்கு

முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெறுகிறவர்கள் அதிகம் இல்லை. கிரிக்கெட்காரர்களை விட்டால் நான்தான். பண்டாரவளை அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து பதுளையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். இதைக் கேட்டதும் அலுவலகத்து இளையவர்கள் பிரியாவிடைப் பரிசாக ஒரு குரங்குக் குல்லாவும் ஊன்றுகோலும் வாங்கித் தந்தார்கள். ஊன்றுகோலுக்கு இன்னும் வேலை வரவில்லை. குல்லாவைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பண்டாரவளைக் குளிருக்கு அது நல்ல பரிசுதான்.

எழுதவைத்தவன் நிரோஷன். எங்கள் குழுவில் வயதில் சின்னவன், கை வேகமானவன். போன வாரம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான்.

"அக்கா, நம்ம நிரல்ல 'தேர்'னு ஒரு பகுதி இருக்கு. வருஷத்துல நாலு நாள்தான் ஓடுது. என்னா செய்யுதுன்னே வெளங்கல. அழிச்சிறவா?"

"அது உன்ன என்னாடா பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. இப்பதான் எல்லா மலைக்கும் சாட்டலைட் வந்துருச்சே. மழைமானி நேரா வானத்தோட பேசுது. பழைய சாமானெல்லாம் எதுக்கு?"

"அழிக்கலாம். அது ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு அழி."

"சொல்லுங்க."

"சொன்னா நீ பாதியில போனப் பார்ப்ப. எழுதித் தர்றேன்."

ஆகவே, தேர் இருக்க வேண்டுமா, போக வேண்டுமா என்று நிரோஷன் முடிவு செய்வதற்காக எழுதியது இது.

முதலில் என் தொழில். எங்கும் பரவியிருந்து, இருப்பதே தெரியாமல் வேலை செய்யும் கணினிகளுக்கு மென்பொருள் கட்டமைப்பு வரைவது. எந்தப் பெட்டி எதை அறியும், எதை யாரிடம் சொல்லும், யார் முடிவெடுப்பார் என்று தீர்மானிப்பது. பூனாகலையில் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு இதை விளக்கியது இன்னும் நினைவிருக்கிறது.

"கம்ப்யூட்டர் முன்னுக்கு ஒக்காந்து பாக்குற வேலையா?"

"இல்லம்மா. கம்ப்யூட்டர் இருக்குன்னே யாருக்கும் தெரியக்கூடாது. அதுதான் வேலையே."

"அப்ப நீ வேல செய்யுறதும் யாருக்கும் தெரியாதுன்னு சொல்லு."

அம்மா சொன்னது ஏறக்குறைய சரி. எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை எங்களை யாருக்கும் தெரியாது.

பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான்கு ஆண்டுகள், நிறையப் பாண், நிறையப் பருப்பு, ஒரு பட்டம். பிறகு கொழும்பில் ஓராண்டு வேலை. அங்கே நான் வடிவமைத்த முதல் உருப்படி ஒரு கூட்ட அறை. ஆள் நுழைந்தால் விளக்கு தானாக எரியும், ஆள் இல்லாவிட்டால் தானாக அணையும். திறப்பு விழா அன்று பெரிய அதிகாரிகள் எல்லோரும் உள்ளே உட்கார்ந்து ஒருவர் பேசுவதை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருபதாவது நிமிடம் அறை இருண்டுவிட்டது. என் நிரலுக்கு அசைவு மட்டும்தான் தெரியும். அசைவு இல்லை என்றால் ஆள் இல்லை என்று அதுவாக முடிவுகட்டிவிட்டது. பேசியவர் இருட்டிலேயே பேச்சைத் தொடர, மற்றவர்கள் விளக்குக்காகக் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியில் நின்று சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தத் தவறை அங்கேயே சரியாகப் படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே வந்திருக்காது.

அதன் பிறகு ஊர்ப்பக்கம் வேலை கிடைத்தது என்று பண்டாரவளைக்கு ஓடி வந்தேன். மண்சரிவு எச்சரிக்கை அமைக்கும் சின்ன அலுவலகம். மேலதிகாரி கௌரி மிஸ், யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குரல் உயர்த்தியதை நான் கேட்டதில்லை. எதையும் பிழை என்று சொல்லவும் மாட்டார். காதில் ஒரு சிவப்பு நீலப் பென்சில் இருக்கும். நாம் வரைந்ததைப் பார்ப்பார். பென்சில் காதிலேயே இருந்தால் மேலே போகலாம். அதை எடுத்து மேசையில் படுக்கவைத்தால், திரும்ப வரைய வேண்டும். நான் சேர்ந்த முதல் மாதத்தில் அந்தப் பென்சில் காதில் இருந்ததைவிட மேசையில் படுத்திருந்ததுதான் அதிகம்.

அவரிடம் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று நடை. ஒரு செய்தி எங்கே பிறந்து எங்கே போய்ச் சேருமோ அந்த வழி முழுவதையும் காலால் நடந்த பிறகுதான் படம் வரையலாம். இரண்டாவது ஒரு தாள். படத்தில் இருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் அதில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். இதற்கு என்ன தெரியும்? இது நின்றுபோனால் முதலில் யாருக்குத் தெரியும்?

நான் ஒருமுறை இரண்டாவது கேள்விக்கு 'கண்காணிப்பு மென்பொருளுக்கு' என்று எழுதிக் கொடுத்தேன். பென்சில் படுத்தது.

"நல்ல சொல்லு, சுகன்யா. அந்த மென்பொருள் நிண்டால் ஆருக்குத் தெரியும்?"

"இன்னொரு மென்பொருளுக்கு, மிஸ்."

"அப்ப கடைசியில ஒரு மனுசர் வரும்வரைக்கும் எழுதுங்கோ. தாள் காணாட்டி நான் தாறன்."

எங்கள் பெரிய வேலை மடுல்சீமைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் வந்தது. செங்குத்தான மலை. அதன் அடியில் பத்தாம் லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம். உச்சியில் கொட்டும் மழை கீழே தூறலாகக்கூடத் தெரியாத இடம் அது. மேலே மண் மூன்று நாள் ஊறினால் கீழே ஆபத்து. ஆகவே உச்சி மழைமானிக்குத் தெரிந்தது பத்தாம் லயத்து விளக்குப் பெட்டிக்குத் தெரிய வேண்டும். பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு எரிந்து சங்கு ஊதினால் கிளம்ப வேண்டும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு முகடு. வானொலி அலை தாண்டாது. தொலைபேசிச் சிக்னல் தொழிற்சாலையிலும் கோயிலடிச் சாலை முடக்கிலும் மட்டும்தான்.

மிஸ்ஸோடு மூன்று நாள் நடந்தேன். மூன்றாம் நாள் காலையில் பெரட்டுக் களத்தில் நின்றுகொண்டிருந்தோம். வேலைக்குப் போகும் எல்லோரும் கூடிப் பெயர் கூப்பிட்டு மலை மலையாகப் பிரிந்து போகும் இடம் அது. அங்கேதான் எனக்கு யோசனை உதித்தது. செய்தியைச் சுமக்க அலை எதற்கு, ஆட்கள் இருக்கிறார்களே. சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு கருவியைச் சின்னப் பையில் போட்டு, வேலைக் கூட்டத்தை நடத்தும் கங்காணியின் இடுப்பில் மாட்டினால் போதும். அவர் உச்சி மழைமானியைக் கடக்கும்போது பை அதிலிருந்து செய்தியை வாங்கிக்கொள்ளும். திரும்பி லயத்தைத் தாண்டும்போது விளக்குப் பெட்டிக்குக் கொடுத்துவிடும். யாரும் எதையும் அழுத்த வேண்டாம், நினைக்கக்கூட வேண்டாம். வேலைநாள் ஒன்றில் இரண்டு மூன்று தடவை செய்தி போகும்.

மிஸ்ஸின் பென்சில் காதிலேயே இருந்தது. எனக்கு வானத்தில் நடப்பது போல இருந்தது.

பையைச் சுமக்க ஒப்புக்கொண்டவர் ராஜேஸ்வரி அக்கா. அந்தத் தோட்டத்துப் பெண் கங்காணி. வாயும் நடையும் ஒரே வேகம். என்னைப் 'பொட்டிக்காரப் புள்ள' என்றுதான் கூப்பிடுவார்.

"இது என்னா பண்ணும், பொட்டிக்காரப் புள்ள?"

"மேல பேஞ்ச மழைய கீழ வந்து சொல்லும், அக்கா."

"அதத்தான் நான் தெனமும் வந்து சொல்றேன். எனக்கு ஒரு விளக்கு வச்சுக் குடுத்தீங்களா?"

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இரண்டு முறை மஞ்சள் எரிந்தது, இரண்டு முறையும் சரியாக. பிறகு தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. எங்கள் இருவருக்கும் அழைப்பு. தேர் நாளன்று பகல் சாப்பாட்டு நேரத்தில் பத்தாம் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள், கட்டிக்கொடுத்த பெண்கள், மருமகன்கள் என்று ஒவ்வொரு காம்பராவிலும் இரண்டு மடங்கு ஆட்கள். வாசலில் கோலம், எண்ணெய் மணம், லேசான தூறல். விளக்குப் பெட்டி பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. நான் அதை வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

ராஜேஸ்வரி அக்கா புதுச் சேலையில் வந்து பக்கத்தில் நின்றார்.

"மேல மூணு நாளா கொட்டுது போல. பொறத்தால கானு நெறஞ்சு செவப்பாப் போகுது. ஒங்க பொட்டி என்னாடான்னா பச்சையாவே சிரிச்சுக்கிட்டு இருக்கு."

"அது எல்லாம் கணக்குப் போட்டுத்தான் சொல்லும், அக்கா. பை எங்க?"

"வீட்டுல ஆணியில தொங்குது. திருவிழாவுக்கு நாலு நாளா பெரட்டே இல்லயே. பையக் கட்டிக்கிட்டு சாமி கும்பிடவா போவாங்க?"

பெட்டியைத் திறந்து பார்த்தேன். உச்சியிலிருந்து கடைசியாக வந்த செய்தி நான்கு நாள் பழையது. அன்றைக்கு மேலே வெயில். அந்த வெயிலை வைத்துக்கொண்டு பெட்டி நான்கு நாளாகப் பச்சை காட்டியிருக்கிறது. செய்தி வரவில்லை என்பதை மழை இல்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. கொழும்புக் கூட்ட அறையை நான் மடுல்சீமையில் இன்னொரு தடவை கட்டியிருக்கிறேன்.

"தோட்டத்துப் புள்ளயா இருந்துக்கிட்டுத் திருவிழாவ மறந்துட்டியே" என்றார் அக்கா. திட்டவில்லை, அதிசயப்பட்டார். நான் பிறந்து வளர்ந்தது லயத்தில். ஒரு திருவிழாவைத் தவறவிட்டதில்லை. படம் வரைய உட்கார்ந்தபோது மட்டும் ஆண்டின் எல்லா நாளையும் வேலைநாளாக எண்ணியிருக்கிறேன்.

மிஸ் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். மேசை இல்லை. லயத்துத் திண்ணை மேல் படுக்கவைத்தார்.

"தேர் எத்தினை மணிக்கு இஞ்ச வரும்?"

"ரெண்டு மணிக்கு, மிஸ். இந்த வாசல்லதான் நிக்கும். பன்னெண்டு வீட்டு அர்ச்சனையும் இங்கதான்" என்றார் அக்கா.

அதாவது இன்னும் ஒரு மணி நேரத்தில், அந்த மலைக்கு நேர் கீழே, லயத்து ஆட்களும் தேரோடு வரும் கூட்டமும் சேர்ந்து நிற்கும்.

கோயில் முடக்கில் போய்த் தேரை மறித்தோம். லொறி ஒன்றின் மேல் கட்டிய அலங்காரத் தேர். மின்பிறப்பாக்கி, ஒலிபெருக்கி, வண்ண விளக்கு எல்லாம் அதிலேயே. முன்னால் தப்பு அடிக்கிறவர்கள். திருவிழாக் குழுவின் தலைவர் முனியாண்டி ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். தேரைப் பத்தாம் லயத்துக்குக் கொண்டுபோக வேண்டாம், பள்ளிக்கூடத்தில் நிறுத்துங்கள் என்று மிஸ் கேட்டார்.

"என்னாங்க மிஸ், சாமி போற வழிய மாத்தச் சொல்றீங்க. போன வருஷம் அஞ்சாம் லயத்துல பத்து நிமிஷம் கொறஞ்சிருச்சுன்னு இன்னும் எங்கூடப் பேச மாட்டேங்கிறாங்க. மலை சரியும்னு உங்க மெசின் சொல்லுச்சா?"

"இல்லை, ஐயா. மெசின் ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப நீங்க சொல்றீங்களா?"

"நானும் சொல்லேல்லை. எனக்குத் தெரியாது. அதுதான் பயமா இருக்கு."

"தெரியாதுன்னு சொல்லவா இவ்வளவு படிச்சீங்க?"

"ஓம், ஐயா" என்றார் மிஸ்.

தலைவர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பாத பார்வை இல்லை. தெரியும் என்று சொல்லி வந்த எத்தனையோ பேரைப் பார்த்த பார்வை. அந்த இடைவெளியில் ராஜேஸ்வரி அக்கா புகுந்தார்.

"தலைவரே, சாமியும் நனையுதுல்ல. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல ஒதுங்கட்டும். பன்னெண்டு வீடும் தட்டத் தூக்கிக்கிட்டு அங்க வரும். ஒரு அர்ச்சன கொறையாது. நானே பேரு கூப்பிட்டு நிப்பாட்டுறேன்."

"பெரட்டு மாதிரியா?"

"பெரட்டேதான். நாலு நாளா கூப்பிடாம எனக்கும் வாய் நமநமங்குது."

தலைவர் சிரித்துவிட்டார். ஒலிபெருக்கியில் அறிவிப்புப் போனது. பத்தாம் லயத்து மக்கள் தட்டோடும் விருந்தாளிகளோடும் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும், சாமி காத்திருக்கிறது. எங்கள் சங்கு ஊதியிருந்தால் இத்தனை பேர் இத்தனை சீக்கிரம் கிளம்பியிருப்பார்களா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

நான் பையை எடுத்துக்கொண்டு மறுபக்கத்து முகட்டுப் பாதையால் உச்சிக்கு ஏறினேன். அதனால் அந்தப் பெரட்டை நான் பார்க்கவில்லை, ஒலிபெருக்கியில் கேட்டேன். பாதி வழியில் ராஜேஸ்வரி அக்காவின் குரல் மலையெல்லாம் அடித்தது.

"மொதலாம் காம்பரா. வந்தாச்சா? விருந்தாளி எத்தன பேரு? கைய தூக்கு. ரெண்டாம் காம்பரா."

எட்டு வரை தடையில்லை. ஒன்பதில் குரல் நின்றது.

"ஒம்பதாம் காம்பரா, சரோஜா. சரோஜா. எங்கடி சரோஜா?"

நான் ஏறுவதை நிறுத்திவிட்டேன். தப்பும் நின்றுவிட்டது. மழைச் சத்தம் மட்டும். பிறகு யாரோ ஏதோ சொல்ல, அக்காவின் குரல் முன்னைவிடப் பலமாக வந்தது.

"ஏய் சரோஜா, வடைய எறக்கி வச்சிட்டு வாடி. ஒனக்காகச் சாமி ரோட்டுல நிக்குது."

நான் எண்ணிக்கொண்டு நின்றேன். இருநூறைத் தாண்டியிருப்பேன். திடீரென்று ஒலிபெருக்கியில் பெரிய சிரிப்பு.

"வந்துட்டா. சட்டியோட வந்துட்டா. பத்தாம் காம்பரா."

உச்சியில் மழைமானி மூன்று நாள் மழைக் கணக்கைப் பையில் கொட்டியது. சிவப்புக்கான அளவை முந்தின நாளே தாண்டியிருந்தது. இறங்கி வந்து, லயத்துக்கு இந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் கானுக்கு அப்பால் நின்று, பையை உயர்த்திப் பிடித்தேன். பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது. ஆளில்லாத லயத்தைப் பார்த்துச் சங்கு ஊதத் தொடங்கியது. கேட்டது ஒரு கோழி மட்டும். அது கூரையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நான் பள்ளிக்கூடத்துக்கு வந்து சரோஜா அக்காவின் இரண்டாவது வடையைக் கையில் எடுத்தபோது, லொறி கல் கொட்டுவது போல ஒரு சத்தம். மலை பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஒரு துண்டு மட்டும் வந்தது. எட்டாம், ஒன்பதாம், பத்தாம் காம்பராக்களின் குசினிகளில் ஜன்னல் உயரத்துக்கு மண் ஏறியிருந்தது. சரோஜா அக்காவின் அடுப்பு இருந்த இடம் தெரியவில்லை. ஆட்களில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. சரோஜா அக்கா கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையைப் பார்த்து, "சாப்புடு புள்ள, ஆறிப்போகுது" என்றார். அர்ச்சனை பன்னிரண்டும் நடந்தது. சில ஆண்டுகள் கழித்து அந்தக் குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடத்துக்கு மேலே வீடுகள் வந்தன. பேர் மட்டும் இன்னும் பத்தாம் லயம்தான். மற்ற லயங்கள் மலைக்குக் கீழேயே இருக்கின்றன. விளக்குப் பெட்டிகளும் அங்கேயே.

திரும்பி வரும் பஸ்ஸில் மிஸ் தன் தாளை எடுத்து மூன்றாவது கேள்வி ஒன்றைச் சேர்த்தார். தெரியாதபோது இது என்ன சொல்லும்? எழுதிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இது எனக்கும் தோணேல்லை. நானும்தானே பென்சிலைக் காதில வச்சுக்கொண்டு இருந்தனான்."

அடுத்த மாதம் முழுவதும் திரும்ப வரைந்தேன். செய்தி எதுவும் ஒரு நாளுக்கு மேல் பழையதானால் பச்சை எரியாது. மஞ்சள் விட்டுவிட்டு எரியும். அதற்கு ஒரே அர்த்தம், எனக்குத் தெரியாது, யாராவது போய்ப் பார்த்து வாருங்கள். பெரட்டு இல்லாத நாட்களில் பையை யார் சுமப்பது என்ற கேள்விக்குத் திருவிழாக் குழுவே பதில் சொன்னது. மழைமானிக்குப் பக்கத்து மேல்பிரிவில் தொடங்கி எல்லா லயத்துக்கும் போவது எது? தேர். மின்சாரம், ஒலிபெருக்கி, பின்னால் ஊரே. நாங்கள் செய்ய நினைத்த கருவியை அவர்கள் எப்போதோ செய்து பூவும் வைத்திருந்தார்கள். திருவிழா நாலு நாளும் சாமி லொறியில் ஊர்வலம் வருகிறது. அந்த நாலு நாளும் பை அதில் போகும். அதற்கான நிரலுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? முதல் ஆண்டு தலைவர் பைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். கருவிக்குள் குங்குமம் போகாமல் இருக்க நான் ஒரு மூடி செய்துகொடுத்தேன். என் ஒன்பது ஆண்டில் மிகவும் திருப்தி தந்த வடிவமைப்பு அந்த மூடிதான்.

இவ்வளவையும் எழுதி நிரோஷனிடம் கொடுத்தேன். படித்தான்.

"நல்ல கதை, அக்கா. ஆனா சாட்டலைட் இருக்கே."

"சரி. அதுக்கு மிஸ்ஸோட தாள நெரப்பிட்டு அழி."

தாளை எடுத்துக்கொண்டு போனான். முதல் இரண்டு கேள்விக்கும் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்றாவதில் பேனா நின்றது. தன் புதிய நிரலைத் திறந்தான். உச்சியிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை செய்தி கொண்டுவரும் சாட்டலைட் இணைப்பைத் துண்டித்து, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேசையில் இருந்த சோதனை விளக்குப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். நானும் என் இடத்திலிருந்தே பார்த்தேன். தேநீர் ஆறிப்போகும் வரை விளக்கு மாறவில்லை. பச்சை.

நான் குல்லாவைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். மறுநாள் காலை நிரோஷன் மடுல்சீமை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். மாலையில் நெற்றியில் விபூதியும் கையில் ஒரு பை வடையுமாக வந்தான்.

"தலைவருகிட்ட கேட்டேன், அக்கா. வேணும்னா சாட்டலைட்டையும் தேருல ஏத்திக்கலாமாம். பைய எறக்க முடியாதாம்."

இன்று அலுவலகத்தில் என் கடைசி நாள். மேசையைக் காலி செய்யும் முன் நிரலை ஒருமுறை திறந்து பார்த்தேன். அவன் தன்னுடையதைத் திருத்திவிட்டான். இப்போது இணைப்பு அறுந்தால் மஞ்சள் விட்டுவிட்டு எரிகிறது. தேர் அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே புதிதாக ஒரு வரி மட்டும் எழுதியிருந்தான்.

'இதை அழிக்க விரும்புகிறவர் பத்தாம் லயத்துக்குப் போய் நேரில் சொல்லவும்.'